நண்டின் மூக்கு: தொல்காப்பிய உயிர்ப் பாகுபாட்டில் முதுகெலும்பற்றவை

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுக்கிறது. உடலால் உணர்வது ஓரறிவு. அதனோடு நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்பன ஒவ்வொன்றாகக் கூடும்போது ஆறறிவு வரை உயர்கிறது. இப்பாகுபாடு தமிழாய்வில் பெரிதும் போற்றப்படுவது. 2004ஆம் ஆண்டு தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பின்னர்ப் பெருகிய கருத்தரங்குகளில், ‘தொல்காப்பியத்தில் விலங்கியல்’ என்னும் பொருண்மை மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. இன்றைய உயிரியல் கூறுவதைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் என்பதே அத்தகைய கட்டுரைகள் பலவற்றின் முடிவு.

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள சந்தாபுராவில், இளங்கலை மாணவர்க்கு மொழிப்பாடமாக இப்பகுதியைக் கட்டுரையாளர் நடத்தியபொழுது, விலங்கியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவி ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். எறும்பு மூவறிவுடையது எனில் அதற்குக் கண் இல்லை என்று பொருள்படுகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் தாம் எறும்பின் கூட்டுக்கண்ணைக் கண்டதாக அவர் கூறினார். தேர்வில் எதை எழுதுவது என்பது அவர் வினா. அன்று கட்டுரையாளர் கூறிய விடை நிறைவானதாக இல்லை. அவ்வினாவுக்கு உரிய விடையைத் தேடும் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது. மரபியல் பெயர் சுட்டிக் கூறும் சிற்றுயிர்களை இன்றைய விலங்கியலோடு வைத்து நோக்கி, இப்பாகுபாட்டை எவ்வாறு வாசித்தல் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் சுட்டிய ஆறு உயிர்கள்

ஈரறிவுக்கு நந்து, முரள். மூவறிவுக்குச் சிதல், எறும்பு. நான்கறிவுக்கு நண்டு, தும்பி என ஆறு உயிர்களை மரபியல் பெயர் சுட்டுகிறது. இவை ஆறும் முதுகெலும்பற்றவை. இன்றைய வகைப்பாட்டின்படி நந்தும் முரளும் மெல்லுடலிகள். ஏனைய நான்கும் கணுக்காலிகள். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை முதுகெலும்பற்றவை. அவற்றுள்ளும் பூச்சிகள் மட்டும் பத்து இலட்சத்தை எட்டும். ஓர் இலக்கண நூல், உயிர்களின் ஆறு படிகளுள் மூன்றைச் சிற்றுயிர்களுக்கு ஒதுக்கியிருப்பது இவ்வகையில் எண்ணத்தக்கது.

மேலைநாட்டு மரபை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அரிஸ்டாட்டில், இவ்வுயிர்களைக் குருதியற்றவை எனத் தொகுத்து, உடலின் மென்மை, ஓட்டின் தன்மை, உடற்பிரிவு ஆகியவற்றால் நான்காகப் பகுத்தார். 1758ஆம் ஆண்டு லின்னேயஸ் விலங்குலகை ஆறு வகுப்புகளாக்கியபொழுது, பூச்சிகள், புழுக்கள் என்னும் இரண்டே வகுப்புகளுள் இவற்றை அடக்கினார். நண்டையும் பூச்சிகளோடு சேர்த்தார். ‘முதுகெலும்பற்றவை’ என்னும் தொகுப்புப் பெயரை நிலைபெறச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் லாமார்க். 1801ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அப்பெயர் உள்ளது.

குருதியற்றவை, முதுகெலும்பற்றவை என்னும் பெயர்கள் ஓர் உயிரை அதனிடம் இல்லாத ஒன்றைக் கொண்டு சுட்டுகின்றன. மரபியலோ ஒவ்வோர் உயிரையும் அது எதை உணர்கிறது என்பதைக் கொண்டு கூறுகிறது. உயிர் என்பது உணர்வது என்னும் கொள்கை இதன் அடியில் உள்ளது. தொல்காப்பியத்தின் சிறப்பைப் பேச விழைவோர் முதலில் பேசவேண்டியது இதுவே எனலாம்.

நந்தின் நாக்கும் முரளின் வாயும்

நந்து என்பதற்குச் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரள் என்பதற்கு இப்பி, கிளிஞ்சல் முதலியவற்றையும் உரை மரபு பொருளாகத் தருகிறது. ஒற்றை ஓடுடையன ஒருபுறமும் இரட்டை ஓடுடையன மறுபுறமுமாக இவை பிரிகின்றன. இன்றைய விலங்கியலிலும் இவை மெல்லுடலிகளின் இருவேறு வகுப்புகள் ஆகும்.

இவற்றுக்கு நாக்கு உண்டு என்பது நந்துக்குப் பொருந்துகிறது. நத்தையின் வாயில் ராடுலா எனப்படும் அரம் போன்ற பட்டை உண்டு. அதனால் அது உணவைச் சுரண்டி உண்கிறது. இரட்டை ஓட்டு உயிர்களுக்கோ ராடுலாவும் இல்லை, தலை எனத் தனி உறுப்பும் இல்லை. நீரை வடிகட்டி அவை உண்கின்றன. கண்ணும் மூக்கும் இல்லை என்பது நத்தைக்குப் பொருந்தாது. நிலத்து நத்தையின் மேலிணை உணர்கொம்புகளின் நுனியில் கண்கள் உள்ளன; அக்கொம்புகளாலேயே அது மணத்தையும் அறிகிறது.

நந்து மரபியலில் மற்றோர் இடத்திலும் வருகிறது. பெண்பாற் பெயர்களைத் தொகுக்குமிடத்தில், நீர்வாழ்வனவற்றுள் நந்தின் பெண்ணுக்கு ‘நாகு’ என்னும் பெயர் உரியது எனக் கூறப்படுகிறது. நிலத்து நத்தைகளில் பெரும்பாலானவை ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் அமைந்தவை; அவற்றுள் பெண்ணைத் தனித்துச் சுட்ட இயலாது. ஆனால், நம் வயல்களிலும் குளங்களிலும் வாழும் பைலா இன நத்தையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. கடற்சங்கிலும் அவ்வாறே. ‘நீர்வாழ்வன’ என்னும் அடைமொழி இவ்வேறுபாட்டை உணர்ந்து இடப்பட்டதா, தொகுப்பின் பொருட்டு இயல்பாக அமைந்ததா என்பதை நூலைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. பொருந்தி வருகிறது என்பதோடு நிற்றலே ஆய்வு நெறி. பொருந்திய இடத்தைப் பெரிதாக்கிப் பொருந்தாத இடத்தை மறைப்பது அந்நெறிக்கு மாறானது.

சிதல், எறும்பு

சிதல் என்பது கறையான். உருவாலும் கூட்டு வாழ்க்கையாலும் எறும்பை ஒத்திருத்தலின் இரண்டும் ஓரிடத்தில் வைக்கப்பட்டன என்று கருத இடமுண்டு. ஆயினும், இவை நெருங்கிய உறவுடையன அல்ல. எறும்பு, தேனீயும் குளவியும் அடங்கிய வரிசையைச் சார்ந்தது. கறையான், கரப்பான்பூச்சியின் வரிசையைச் சார்ந்தது. ஆங்கிலேயர் கறையானை ‘வெள்ளை எறும்பு’ என வழங்கினர். தமிழ் அதற்குச் சிதல் எனத் தனிப்பெயர் வைத்திருந்தமையால் அக்குழப்பம் இங்கு நேரவில்லை.

கண்ணின்மை சிதலுக்குப் பெரும்பாலும் பொருந்தும். புற்றுக்குள் உழைக்கும் கறையான்கள் பல இனங்களில் குருடானவை. ஆயின், மழைக்குப் பின் புற்றிலிருந்து சிறகோடு எழும் ஈசல், அதே கறையானின் இனப்பெருக்க நிலை. அதற்குக் கண்கள் உண்டு. ஒரே புற்றில் பிறந்தவற்றுள் ஒன்று மூவறிவும் மற்றொன்று நான்கறிவும் உடையதாகிறது. எறும்பின் நிலை இன்னும் தெளிவானது. மாமரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறுக்கு நன்கமைந்த கண்கள் உள்ளன. தென்னிந்தியாவில் காணப்படும் குதிக்கும் எறும்பு, தன் பெரிய கண்களால் இரையைப் பார்த்தே பாய்ந்து பிடிக்கிறது. எனவே மாணவி கண்டது சரியே. ஆனால் எறும்பின் வாழ்க்கையை நடத்துவது பெரும்பாலும் மணம் என்பதும் உண்மை. தடமிடல், கூட்டத்தாரை அறிதல், ஆபத்தை உணர்த்தல் ஆகியவை வேதிப்பொருள்களின் வழியாகவே நிகழ்கின்றன. எறும்பின் அறிவை மூக்கில் நிறுத்தியவர் கண்ணைத் தவறவிட்டார். எனினும் அதன் வாழ்க்கையில் முதன்மையானதைத் தவறவிடவில்லை.

நண்டின் மூக்கு

நான்கறிவு உயிர்களில்தான் சிக்கல் உரையாசிரியர் காலத்திலேயே வெளிப்பட்டது. படிமுறையின்படி நான்கறிவு உடையதற்கு மூக்கறிவும் இருத்தல் வேண்டும். நண்டுக்கு மூக்கு உண்டா என்னும் வினா பழைய உரையிலேயே எழுப்பப்பட்டுள்ளது. ஆசிரியர் கூறினமையால் உண்டு என்று கொள்ளவேண்டும் என்பதே அங்குத் தரப்பட்ட விடை. வினாவை எழுப்பியது உரையாளரின் நேர்மை. விடை அந்நேர்மைக்கு ஈடாகவில்லை.

நண்டுக்கு மூக்கறிவு உண்டு என்பதை இன்று விலங்கியல் உறுதிசெய்கிறது. கண்களுக்கு இடையே உள்ள இணை உணர்கொம்புகளில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அக்கொம்புகளை நீரில் அடித்தடித்து அது மணத்தை உணர்கிறது. ஆகவே உரையாளர் அடைந்த முடிவு சரி; அடைந்த வழி சரியன்று. வயல் வரப்பில் நண்டைக் கண்டிருக்கக்கூடிய ஒருவர், அதனை நோக்காமல் நூலை நோக்கி விடை கூறினார். முடிவு தற்செயலாகச் சரியாய் அமைந்தமை, வழியைச் சரியாக்கிவிடாது.

நன்னூலில் நிகழ்ந்த மாற்றம் இங்குக் கருதத்தக்கது. பவணந்தியார் உரியியலில் இதே பாகுபாட்டைக் கூறுகிறார். ஈரறிவிலும் மூவறிவிலும் தொல்காப்பியர் காட்டிய உயிர்களே இடம்பெறுகின்றன. நான்கறிவில் மட்டும் தும்பியோடு வண்டு வருகிறது, நண்டு இல்லை. யாப்பு நோக்கி இம்மாற்றம் நேர்ந்திருக்கலாம். பவணந்தியார் சமணர் என்பதும் எண்ணத்தக்கது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வோர் அறிவாகக் கூட்டிச் செல்கிறது. நான்கறிவுக்கு அங்கு வண்டே சான்று. நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன், கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினன். இன்றைய கர்நாடகத்தின் இப்பகுதியில் சமணம் செழித்திருந்தது என்பதும் வரலாறு. நண்டு பற்றிய ஐயமும் நீக்கத்துக்குக் காரணமாகலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் மட்டுமே. எக்காரணத்தால் நீங்கியிருப்பினும், பட்டியல் மாற்றத்துக்கு உரியதாகவே கருதப்பட்டது என்பது அறியலாகிறது.

தும்பியிடத்தும் ஒரு சிக்கல் உண்டு. இன்று தும்பி என்றால் நீர்நிலைகளின் மேல் பறக்கும் தட்டான் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களில் தும்பி தேனுண்ணும் வண்டினம். குறுந்தொகையின் 2ஆம் பாடலில், தலைவியின் கூந்தலினும் மணமுடைய மலர் உண்டா எனத் தலைவன் வினவுவது தும்பியிடமே. மணத்தை அறியும் உயிர் என்னும் நம்பிக்கை அவ்வினாவுக்கு அடிப்படை. இன்றைய பொருளை ஏற்றித் தொல்காப்பியத்தை வாசிப்போர் முதற்படியிலேயே வழுவுகின்றனர்.

செவியும் முதுகெலும்பும்

நான்கறிவுக்கும் ஐந்தறிவுக்கும் இடையே தொல்காப்பியர் இட்ட கோடு, முதுகெலும்பற்றவற்றையும் உள்ளவற்றையும் பிரிக்கும் கோட்டோடு ஒத்துள்ளது என்பது கருத்தரங்கக் கட்டுரைகள் பெருமையோடு சுட்டும் செய்தி. பெயர் சுட்டிய உயிர்களை மட்டும் கொண்டால் இது உண்மையே. ஆயினும், தொல்காப்பியர் அளவுகோலாகக் கொண்டது செவி, எலும்பு அன்று. சுவர்க்கோழிக்குச் செவி முன்னங்காலில் உள்ளது. வெட்டுக்கிளிக்கு வயிற்றுப் பகுதியில் உள்ளது. ஆண் எழுப்பும் ஒலியைக் கேட்டே பெண் சுவர்க்கோழி அதனை நாடி வருகிறது. செவியை அளவுகோலாகக் கொண்டால் இப்பூச்சிகள் விலங்குகளோடு ஐந்தறிவில் அமரவேண்டும்.

இன்றைய அறிவியலும் ‘முதுகெலும்பற்றவை’ என்பதை ஓர் இயற்கை இனமாகக் கொள்வதில்லை. நட்சத்திரமீன், நத்தையைக் காட்டிலும் நமக்கே நெருங்கிய உறவு. ஆகவே லாமார்க்கின் பெயரும் வசதிக்காக நிலைத்த பெயரே. அதனோடு பொருந்துவது தொல்காப்பியத்துக்குப் பெருமை சேர்ப்பதில்லை. பொருந்தாமை சிறுமையும் அன்று. குட்டி, கன்று, பறழ், பார்ப்பு என உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வகுக்கும் இயலில் இப்பாகுபாடு இடம்பெறுகிறது. சொல் வழக்கை வரையறுத்தலே அவ்வியலின் நோக்கம். விலங்கியல் நூலுக்குரிய தேர்வை அதற்கு வைத்துவிட்டு, அது தேறிவிட்டது என மகிழ்வது நூலுக்குச் செய்யும் நீதியாகாது.

முடிவுரை

இப்பாகுபாட்டைத் தம் கண்டுபிடிப்பாகத் தொல்காப்பியர் கூறவில்லை. நுட்பமாக உணர்ந்தவர்கள் நெறிப்படுத்தியது என்கிறார். ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைப் பெயர் சுட்டியபின், அக்கிளையைச் சார்ந்த பிற உயிர்களும் உள்ளன என இடம் விட்டுச் செல்கிறார். முன்னது நோக்கி அறிதலுக்கும் பின்னது பட்டியல் முடிவுபெறாமைக்கும் சான்று. உரை மரபு இவ்விரண்டில் முன்னதைக் கைவிட்டது. இன்றைய போற்றுதல் இரண்டையும் கைவிடுகிறது.

சந்தாபுராவில் வாழ்வோர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2022ஆம் ஆண்டு, சந்தாபுரா ஏரியின் சீர்கேட்டுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து ஆணையிட்டது. நீரின் தன்மையை அறிய விரும்புவோர், அதில் எந்தச் சிற்றுயிர்கள் வாழ்கின்றன என்று பார்ப்பர். தூய நீரை நாடும் இனங்கள் மறைந்து, உயிர்வளி குன்றிய சேற்றிலும் வாழவல்ல செந்நிறப் புழுக்கள் மட்டும் மிகுந்தால் நீர் கெட்டது என்று பொருள். நந்து என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதும் மாணவர் அவ்வுயிரை நீரில் காணும் வாய்ப்பை இழப்பாரெனில், மரபியலை விளங்கிக்கொள்ளும் வழிகளுள் ஒன்றும் அவருக்கு அடைபடும்.

மாணவியின் வினாவுக்கு இப்போது கூறத்தக்க விடை இது. தொல்காப்பியர் எறும்பை மூவறிவில் வைத்தார் என்பதைத் தேர்வில் எழுதவேண்டும். அதற்குக் கண் உண்டு என்பதைத் தாம் கண்டதாகவும் எழுதவேண்டும். நுட்பமாக உணர்ந்தவர்களை நூலே சான்றாகக் காட்டியிருத்தலின், இரண்டாவது தொடருக்கு மதிப்பெண் மறுத்தல் தொல்காப்பியத்துக்கு மாறானது.