கோவையா, கோர்வையா?

மஸ்ஜித் இந்தியா வீதியில் காஞ்சிப் பட்டு வாங்கச் செல்வோர் கேட்கும் சொற்களுள் ‘கோர்வை’ என்பது ஒன்று. அதே சொல்லை மாணவர் கட்டுரையிற் கண்டால் தமிழாசிரியர் சிவப்பு மையால் அடித்துக் ‘கோவை’ எனத் திருத்துவர். திருத்தம் முறையானதே. ‘கோ’ என்னும் பகுதியிலிருந்து கோத்தான், கோத்தல், கோவை எனச் சொற்கள் பிறக்குமேயன்றி, இடையே ரகர மெய் தோன்ற இடமில்லை. ஆயின், அத்திருத்தத்தைத் தறிவரை கொண்டுசெல்லுதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மணிகளை ஒரே நூலில் நிரல்பட ஏற்றுவது கோவை. பாடல்களைத் துறைமுறையே அடுக்கும் சிற்றிலக்கியமும் அதனாலேயே அப்பெயர் பெற்றது. காஞ்சிபுரத்துத் தறியில் நிகழ்வது வேறு. அங்கே உடலுக்கு ஒரு நிறப் பாவும், இருபுறக் கரைகளுக்கு வேறு நிறப் பாவுகளும் தனித்தனியே பூட்டப்படுகின்றன. கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என 3 நாடாக்கள் ஊடையைச் செலுத்தும். உடல் ஊடையும் கரை ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று பற்றித் தத்தம் இடத்திற்கே மீளும். இதற்கு நெய்பவரோடு துணையாள் ஒருவரும் தறியில் அமர்வது மரபு. உடல் ஊடையே கரைக்குள்ளும் புகுமாயின் கரையின் நிறம் கலங்கும். இம்முறையிலோ சிவப்பு சிவப்பாகவே நிற்கும். முந்தானைக்கென வேற்று நிறப் பாவை இழைதோறும் இணைப்பதற்கு நெசவாளர் ‘பிட்னி’ என வேறு பெயரும் வைத்துள்ளனர். அவர்கள் இணைப்புகளைப் பகுத்துப் பெயரிடுவோர் என்பது இதனால் விளங்கும்.

கோவையில் ஒரு நூல் பலவற்றைத் தாங்குகிறது. கோர்வையில் பல நூல்கள் தம் நிறம் கெடாது ஒன்றையொன்று தாங்குகின்றன. பொருள் வேறாயின் சொல்லும் வேறாதல் குற்றமன்று. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் குழூஉக்குறி எனத் தழுவிக்கொண்டது நம் இலக்கண மரபு. வடிவால் மருவிய சொல்லே எனினும், தொழிலாளர் வழக்கால் தனிப்பொருள் பெற்ற கோர்வைக்கும் அவ்விடம் உரியது.

இது வெறும் எழுத்து வழக்கன்று. பெயரறிந்து கேட்பவர்க்கே கடைக்காரர் அப்புடைவையை எடுத்து விரிப்பர். பெயர் மறைந்தால் கேட்பாரும் குறைவர், நெய்வாரும் குறைவர். காஞ்சித் தறியைக் கண்டிராத இந்நாட்டு மாணவனுக்கு அத்தொழிலின் சுவடாக எஞ்சுவது அச்சொல்லே. ஆதலின், ‘கோவையாக எழுதுக’ எனக் கற்பிக்கும் ஆசிரியர், துணியின் பெயராய் வருமிடத்துக் ‘கோர்வை’யை அடியாது விடுதலே தக்கது.