பேயின் மொழி: 'மணிச்சித்ரத்தாழ்' மறுஆக்கங்களும் காக்ஸ் டவுன் தமிழ்ப் பார்வையாளரும்

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாகப் பகுக்கிறது. நன்னூலார் ஒருபடி மேலே சென்று, முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருத்தலுடன் பின்னோன் வேண்டும் வேறுபாடுகளைக் கூறுதலையும் வழிநூலின் இலக்கணமாக்குகிறார். இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கின், 'மூலத்தைப் போல் இல்லை' என்று ஒரு மறுஆக்கத் திரைப்படத்தைக் குறைகூறுதல் திறனாய்வாகாது. வேறுபாடு இருக்கவே வேண்டும். அது பின்னோன் 'வேண்டிய' வேறுபாடா, வணிகமும் சூழலும் திணித்த வேறுபாடா என்பதே கேட்கத்தக்க வினா. பாசில் இயக்கத்தில் 1993இல் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தையும் அதன் வழிவந்த படங்களையும் இவ்வினாவைக் கொண்டு அணுகுகிறது இக்கட்டுரை.

கதை யாவரும் அறிந்ததே. பூட்டிய அறையொன்றைத் திறக்கும் கங்கை என்னும் பெண், முன்னொரு காலத்தில் அவ்வீட்டில் கொலையுண்ட நாட்டியக்காரி ஒருத்தியாகத் தன்னை எண்ணத் தொடங்குகிறாள். உளநல மருத்துவர் ஒருவர் அவளை மீட்கிறார். மது முட்டம் எழுதிய இக்கதையில் பேய் என ஒன்றில்லை, நோயே உண்டு. பி. வாசு இதனைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எனவும், தமிழில் 'சந்திரமுகி' (2005) எனவும் எடுத்தார். பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' (2007) என எடுத்தார்.

இப்படங்களை ஒப்பிட்டோர் பெரும்பாலும் நாயக மாற்றத்தையே பேசியுள்ளனர். மூலத்தில் மோகன்லாலின் மருத்துவர் படம் ஏறத்தாழப் பாதியை நெருங்கும்போதே வந்து சேர்கிறார்; அதுவரை படம் கங்கைக்கும் அவள் குடும்பத்துக்கும் உரியது. தமிழிலோ தொடக்கத்திலேயே சண்டையும் அறிமுகப் பாடலுமாக ரஜினிகாந்த் வந்துவிடுகிறார். இது உண்மையே. ஆயினும் நட்சத்திர நடிகரின் படத்தில் நட்சத்திரம் முன்னிற்கிறது என்பதைக் கண்டறிய ஆய்வு தேவையில்லை. போதிய கவனம் பெறாத வேறுபாடு ஒன்று உண்டு. அது அந்நாட்டியக்காரி பேசும் மொழி.

மலையாள மூலத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி; தமிழ் பேசுகிறாள். கன்னடத்தில் அவள் ஆந்திரப் பெண், தெலுங்கு பேசுகிறாள். தமிழ்ச் சந்திரமுகியும் ஆந்திரத்தினளே. இந்தியில் மஞ்சுலிகா வங்காளி. கங்கை வீட்டாரின் மொழியில் பேசும்வரை மனைவி. அண்டை மொழியில் பேசத் தொடங்கியதும் பேய். ஒவ்வொரு மொழித் திரையும் தன் அச்சத்தை எம்மொழியில் பேசவிடுகிறது என்பது அம்மொழியார் தம் அண்டையாரை எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதற்கு ஒரு சான்றாகும்.

இதனை ஆராயப் பெங்களூரின் காக்ஸ் டவுன் ஏற்ற களம். முன்னாள் இராணுவக் குடியிருப்பைச் சேர்ந்த இப்பகுதியிலும், அருகிலுள்ள அல்சூர், பிரேசர் டவுன் பகுதிகளிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். வீட்டில் தமிழ், பேருந்திலும் அலுவலகத்திலும் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கும் உருதும், அடுத்த வீட்டில் மலையாளம் என வாழும் பார்வையாளர் இவர். மறுஆக்கம் என்னும் தொழில், பார்ப்பவர் மூலத்தை அறியார் என்னும் எடுகோளின்மேல் நிற்பது. காக்ஸ் டவுன்காரரிடம் அவ்வெடுகோள் செல்லாது. அவர் மூன்று படங்களையும் பார்த்தவர். மூன்றையும் துணைத்தலைப்பின்றிப் புரிந்துகொண்டவர்.

அவர் செவியில் இப்படங்கள் எவ்வாறு விழுகின்றன? மலையாளப் படத்தின் அந்தப் புகழ்பெற்ற காட்சியில், வெளியே செல்லவிடாத கணவனிடம் கங்கை மலையாளத்தில் வாதிடத் தொடங்கித் தமிழுக்கு மாறிச் சீறுகிறாள். மலையாளிக்கு அது பாதி விளங்கும் மொழி. அவ்வரைகுறை விளக்கமே அச்சத்தின் ஊற்று. தமிழருக்கோ அது தலைகீழ். அதுவரை உற்றுக்கேட்க வேண்டியிருந்த ஒரு பெண், பித்து முற்றிய கணத்தில் தம் தாய்மொழியில் பேசுகிறாள். அரங்கம் அஞ்சும் இடத்தில் இவருக்கு நெருக்கம் பிறக்கிறது. நாகவல்லி அவருக்குப் பேயாக அன்றி, அயல்நாட்டு மாளிகையில் அடைபட்ட ஊர்ப்பெண்ணாகவே தோன்றுகிறாள். நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் கலைஞருடையது. கங்கையின் மலையாளக் குரல் பாக்யலட்சுமியுடையது. ஷோபனாவின் ஓருடலில் இருவர் குரல். இப்படத்துக்காக அவர் பெற்ற தேசிய விருதைக் குறைத்து மதிப்பிட இதனைக் கூறவில்லை. மொழிமாற்றத்தை உடல்மாற்றமாகவே இயக்குநர் கருதினார் என்பதற்கே இது சான்று.

மூலத்தின் இத்தேர்வுக்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவையில் விளங்கினார். தஞ்சையின் ஆடற்கலை தெற்கே சென்ற வழி அது. அவ்வழியே கொண்டுசெல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதையை மலையாளம் கற்பனை செய்ததில் வியப்பில்லை.

இங்கேதான் கன்னட வடிவம் ஒரு வினாவை எழுப்புகிறது. நால்வருள் இன்னொருவரான சின்னையா மைசூர் அரசவையில் இருந்தவர். எனவே, கன்னட அரசன் ஒருவன் தஞ்சாவூர் நாட்டியக்காரியைக் கவர்ந்து வந்தான் என்று கதை அமைத்திருப்பின் மூலத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரப் பொருந்தியிருக்கும். 'ஆப்தமித்ரா' அதனைக் கைவிட்டுத் தெலுங்கைத் தேர்ந்தது. நாயகி சௌந்தர்யா தெலுங்குத் திரையில் பெரும்புகழ் பெற்றவர் என்பது ஒரு காரணமாகலாம். (கோலார் மாவட்டத்தவரான அவர் 2004 ஏப்ரலில் பெங்களூரில் விமான விபத்தில் மறைந்தார், படம் ஆகஸ்டில் வெளிவந்தது.) ஆயினும் காலச்சூழலையும் மறத்தலாகாது. 2000இல் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தார். 2002இல் காவிரிச் சிக்கல் கொதித்தது. கன்னடத் திரையில் ஒரு தமிழச்சி அரசனைப் பழிவாங்க வந்தால் அரங்கம் அதனைக் கதையாக மட்டும் கண்டிருக்குமா? காணாது என்றே கருத வேண்டியுள்ளது. படைத்தோர் இவ்வாறு எண்ணியே மாற்றினர் என்பதற்குச் சான்று காட்ட இயலாது. எனினும் இம்மாற்றத்தால் காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பம் அப்படத்தைக் கன்னட அண்டையாருடன் ஒரே வரிசையில் அமர்ந்து உறுத்தலின்றிப் பார்க்க முடிந்தது. பின்னோன் வேண்டிய வேறுபாடோ அன்றோ, நன்மை விளைத்த வேறுபாடு அது.

தமிழ் வடிவத்துக்கு இவ்வாறு கூற முடியவில்லை. 'சந்திரமுகி' கன்னட வடிவத்தை ஒட்டிச் செல்வதால் தெலுங்கும் உடன் வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரண்மனையில் தெலுங்கில் பாடி ஆடும் பெண் என்பது பொருந்தாத கற்பனையன்று. தஞ்சை அவையில் பதங்கள் பெரிதும் தெலுங்கிலேயே பாடப்பட்டன. ஆடலின் மொழியாகத் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்த தெலுங்கு, அயலாரின் மொழியாக மட்டும் படத்தில் சுருங்கியதே குறை. வேட்டையனின் 'லகலக'வுக்குக் கொடுத்த இடத்தில் நூற்றில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்திருக்கலாம். ஜோதிகாவின் நடிப்பு இறுதிக் காட்சியில் உயர்ந்து நிற்பதை மறுப்பாரில்லை; ஆனால் அவர் மொழிமாறும்போது தமிழ்ச் செவி அஞ்சுகிறதேயன்றி, மலையாளத்தில் நேர்ந்த அரைநெருக்கம் பிறப்பதில்லை.

சுவையான திருப்பம் தெலுங்கு மொழிமாற்று வடிவில் உள்ளது. அங்கே சந்திரமுகி தெலுங்கு பேசினால் பேய் தன்மொழியாகிவிடும். ஆதலின் அவள் தமிழில் பாடுகிறாள். தமிழருக்குத் தெலுங்குப் பேய். தெலுங்கருக்குத் தமிழ்ப் பேய். மொழிமாற்றம் என்பது உதட்டசைவுக்குச் சொல் பொருத்தும் கைத்தொழில் என்போர் இதனைக் கருத வேண்டும். 1960களிலிருந்து கன்னடத் திரையுலகம் மொழிமாற்றுப் படங்களைத் தடுத்துவந்தமையால் மறுஆக்கமே அங்கு வழியாயிருந்தது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அத்தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தபின், 2017இல் 'என்னை அறிந்தால்' கன்னட உரையாடலுடன் வந்தது.

தொடர்ச்சிப் படங்களைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. விஷ்ணுவர்தன் மறைந்தபின் 2010இல் வெளியான 'ஆப்தரக்ஷகா', 2022இன் 'பூல் புலையா 2', 2023இன் 'சந்திரமுகி 2' ஆகியவற்றுள் முதற்படம் ஒருவகையில் ஒதுக்கத்தக்கது. அதில் மருத்துவர் இன்னும் மருத்துவராக இருக்கிறார். பின்னிரண்டிலும் பேய் உண்மையாகவே பேய். 1993இன் நாகவல்லிக்குக் கங்கையின் உடலும் குரலுமன்றி வேறு இருப்பில்லை. 2023இன் சந்திரமுகிக்கோ கங்கனா ரணாவத் என்னும் தனி நடிகையும் தனி முன்கதையும் உள்ளன. ஒருத்தி தன் மொழியை இழந்து இன்னொருத்தியின் மொழியில் பேசுவதே முதற்கதையின் துயரம். ஆவி தனக்கெனத் தனியுடல் பெற்றுவிட்டால் அதற்கு எவர் நாவும் தேவையில்லை. கங்கையின் குழந்தைப்பருவம், பெற்றோர் விட்டுச்சென்ற தனிமை, பாட்டியிடம் கேட்ட கதைகள் என மூலம் பொறுமையாகக் கட்டிய காரணங்கள் யாவும் இங்கு வேண்டாப் பொருளாகின்றன. இது விரித்தலும் அன்று, தொகுத்தலும் அன்று. முடிபு ஒவ்வாமையின் நன்னூலார் கருத்துப்படி வழிநூலே அன்று.

2024 ஆகஸ்டில் மூலப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. நான்கு மொழிகளையும் அறிந்த பெங்களூர்ப் பார்வையாளரிடம் இவ்வடிவங்களைப் பற்றி முறையான களஆய்வு நிகழ்த்தப்பட வேண்டும். குறிப்பாக, அதே படத்தின் அதே காட்சியில் காக்ஸ் டவுனின் மலையாளி எங்கே அஞ்சுகிறார், தமிழர் எங்கே கலங்குகிறார் என்பதை இருவரையும் அருகருகே அமர்த்திக் கேட்டறிதல் அடுத்து வரும் ஆய்வாளர்க்கு உரியது.