கதவின் உட்புறம்

மைசூரு–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே 2023-இல் திறந்த ‘பயணா’ அருங்காட்சியகத்தில் தர்மஸ்தலத்து வீரேந்திர ஹெக்கடே சேகரித்த பழைய கார்கள் நிற்கின்றன. எல்லோரும் முகப்பைப் பார்ப்பார்கள். என் கண் போவது கதவின் உட்புறத்துக்கு.

பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை அச்சில் பிடித்திருப்பது லாட வடிவக் கம்பி கிளிப் ஒன்று. கதவைப் பிரிக்கும்போது கைப்பிடிக்குப் பின்னால் துணியைச் செருகி இங்குமங்கும் இழுத்தால் நழுவும். எந்த மூலைக்குத் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கைதேர்ந்தவர் மறுகையை அங்கேயே காவல் வைத்திருப்பார். திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியில் செருகி, அச்சின் பற்களில் வைத்து, உள்ளங்கையால் ஒரே தட்டு. டக்! அந்தச் சத்தம் எனக்குச் சங்கீதம். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, இரு பக்கக் கைப்பிடிகளும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்றும் பார்ப்பார். அதற்கென்று யாரும் தனிக்கூலி தருவதில்லை.

கதவின் உட்புறத்தை மூடும் அட்டையான டோர் பேடின் பிளாஸ்டிக் கிளிப்புகள் வயதானால் உடையும். புதிது வாங்கிப் போடுவதே சரி. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாள்தான் முக்கியம். கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் கதவுக்குள் வடிந்து அடித்துளைகள் வழியே வெளியேறும். தாள் இல்லாவிட்டால் அட்டை ஊறி உப்பிவிடும், கிளிப் துளைகள் பிய்ந்துவிடும்.

கதவைப் பிரிக்கக் கொடுக்கும்போது அந்தத் தாளைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.