கேப்டனின் உயிலும் காலணி இல்லாத வீரர்களும்

இத்தாலிய மலைப்பாடல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: ஆண்குரல் சேர்ந்திசைக் குழுக்கள் நாட்டார் பாடலைக் கொன்றுவிட்டன, அசல் பாட்டு வேண்டுமென்றால் கள ஆய்வாளரின் ஒலிநாடாவைத்தான் தேட வேண்டும். இது தவறான தீர்ப்பு. ‘கேப்டனின் உயில்’ என்ற ஒரே பாடலின் வரலாறு இதை மறுக்கப் போதும்.

அதன் வேர் ஒரு பிரபுவின் மரணத்தில் இருக்கிறது. 1528இல் நேப்பிள்ஸ் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையின் தலைவர், சலுட்சோவின் மார்க்விஸ் மிக்கேலே அந்தோனியோ, காயம்பட்டுப் பிடிபட்டு இறந்தார். வட இத்தாலியின் பியெமோந்தே மக்கள் அவரைக் கதைப்பாடலாக்கினார்கள். அரசியல் தலைவர் கவூரின் செயலாளராக இருந்த தூதர் கோஸ்தாந்தீனோ நீக்ரா, அதை 1888இல் வெளியான தம் மாபெரும் தொகுப்பில் சேர்த்தார். அங்கே சாகக்கிடக்கும் பிரபு தன் உடலைப் பங்கிடுகிறார்: ஒன்று பிரான்சுக்கு, ஒன்று மோன்ஃபெராத்தோவுக்கு, தலை தாய்க்கு, இதயம் காதலிக்கு.

முதல் உலகப்போரில் இந்தப் பாட்டு ஆல்பீனி எனப்படும் மலைப்படையினரின் வாய்க்கு வந்தபோது எல்லாமே மாறியது. மார்க்விஸ் கேப்டனானார். பங்குகள் ஐந்தாயின: மன்னருக்கு, படைப்பிரிவுக்கு, தாய்க்கு, காதலிக்கு, கடைசியாக மலைகளுக்கு. 1946 வாக்கெடுப்பில் முடியாட்சி போனபின், பல குழுக்களின் பாட்டில் மன்னரின் பங்கு தாய்நாட்டுக்குப் போயிற்று. ஆனால் பாடலின் உயிர் அதன் தொடக்கத்தில்தான். காயம்பட்ட கேப்டன் வீரர்களை அழைக்கிறார். நடந்து வரக் காலணி இல்லை என்று அவர்கள் பதில் அனுப்புகிறார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து சேருங்கள் என்கிறார் அவர். பஞ்சத்துக்கும் கட்டளைக்கும் நடுவே சிக்கிய ஒரு படையின் முழு வாழ்வும் இந்த மூன்று அடிகளில் அடங்கிவிடுகிறது. எந்தப் பிரபுவின் கதைப்பாடலிலும் இது இடம்பெற்றிருக்க முடியாது.

இந்தக் கட்டத்தின் நாயகன் பியேரோ ஜாயே. இன்று அவரை யாரும் பேசுவதில்லை என்பது பெரிய அநியாயம். ஆல்பீனி அதிகாரியாக இருந்த இந்தக் கவிஞர், தம் வீரர்கள் பாடியவற்றைத் திரட்டி 1919இல் வெளியிட்டார். இசைக்கோவை செய்தவர் விட்டோரியோ குயி. அதாவது சிப்பாயின் பாட்டும் பயின்ற இசைஞனின் கையும் பதுங்குகுழியின் ஈரம் காயுமுன்பே சேர்ந்துவிட்டன. பின்னாளில் பாசிசத்துக்குத் தலைவணங்காமல் ரயில்வே ஊழியராகக் காலம் தள்ளிய ஜாயேயை, வெற்றிப் பாட்டு விற்றவர் என்று எவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது திரெந்தோ. போர்க்காலத்தில் அந்த ஊர் ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. அதன் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆஸ்திரியச் சீருடையில் போரிட்டார்கள், பலர் கிழக்குப் போர்முனையான கலீசியாவில் மடிந்தார்கள். 1926இல் பெத்ரொத்தி சகோதரர்களின் குழு, இன்றைய சாத் குழு, தன் முதல் கச்சேரியைப் புவோன்கொன்சில்யோ கோட்டையில் நடத்தியது. பத்து ஆண்டுகளுக்கு முன், இத்தாலிக்காகப் போரிட்ட திரெந்தோக்காரர் செசாரே பத்திஸ்தியை ஆஸ்திரியர்கள் தூக்கிலிட்ட இடம் அது. அந்த நகரத்துக் குரல்கள் இத்தாலிய மலைப்படையின் பாடல்களை எடுத்துப் பாடியது வெறும் ரசனை சார்ந்த செயலல்ல. பக்கவாத்தியமின்றி நான்கு ஆண்குரல் அடுக்குகளில் அவர்கள் வார்த்த அந்த அடக்கமான, செறிவான பாணியே இசைத்தட்டுகளின் வழியே நாடெங்கும் இலக்கணமாயிற்று.

பிறகு வந்தன எனக்கு ஒவ்வாத அறுபதுகள். கள ஆய்வாளர்கள் லோமாக்ஸும் கார்ப்பித்தெல்லாவும் அதற்கு முன்பே 1954–55இல் திரட்டிய ஒலிப்பதிவுகள் மகத்தானவை. 1964இல் ஸ்பொலேத்தோ விழா மேடையில் போரைச் சபிக்கும் கொரீட்சியா பாடல் கிளப்பிய கலகமும் தேவையானதே. ஆனால் அதிலிருந்து ஒரு சோம்பேறிப் பாகுபாடு பிறந்தது: எதிர்ப்புப் பாடல் மக்களுடையது, சேர்ந்திசைப் பாடல் அரசுடையது. காலணி இல்லாத சிப்பாயின் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டவர் இப்படிப் பிரிப்பாரா?

குழுக்களிடமும் குறை உண்டு. அந்த அடிகளை அவர்கள் பிரார்த்தனைபோல இழுத்துப் பாடி, அதில் உள்ள முள்ளை மழுக்கிவிட்டார்கள். இதற்குத் தீர்வு சேர்ந்திசையைக் கைவிடுவதல்ல. நீக்ராவையும் ஜாயேயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடலை மறுபடி இசையமைக்க வேண்டும். வீரர்களின் பதிலை வேகமாக, கோபத்தோடு ஒலிக்கவிட வேண்டும். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக மாறிமாறியே பிழைத்த பாட்டு இன்னொரு மாற்றத்தையும் தாங்கும். அதைச் செய்யும் திறமை அந்தக் குழுக்களிடமே இருக்கிறது.