மலைக்குளிரும் வீட்டுப் பியரும்

இலங்கையின் பியர்த் தொழில் 1,868 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவில் வேர்விட்டது. 1840களின் இறுதியில் அங்கே ஆங்கிலப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கரோடு பியர் தயாரிப்பும் மலையேறியது என்பார்கள். 1881இல் சிலோன் புரூவரி வந்தது. குளிரூட்டும் பொறிகள் உலகின் பியர் ஆலைகளுக்கு அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தன. இமயமலைப் பக்கத்துக் கசௌலிக்கும் மரீக்கும் வெள்ளையரின் ஆலைகளை ஏற்றிய அதே காரணம்தான் இங்கும்: காசில்லாமல் கிடைத்த குளிர்.

அந்தக் கணக்கு சரியானது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஏல் வகைப் பியரின் மதுவம் 15 முதல் 20 பாகைக்குள் நிதானமாக வேலை செய்யும். கொழும்பின் 27, 28 பாகையில் அதுவே அவசரப்பட்டு, தொண்டையை எரிக்கும் கனத்த மதுசாரங்களை உண்டாக்கிவிடும். பொறி எதுவுமின்றி வீட்டில் நொதிக்க வைப்பவருக்கு இந்த மலை உண்மையிலேயே ஒரு கொடை.

தை, மாசியில் மட்டும் அது மாறுகிறது. பகலில் 20 பாகை வரை வெயில். வானம் தெளிந்த இரவு விடிந்தால் கொழுந்தின் மேல் உறைபனி. கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால் பள்ளத்துத் தேயிலை கருகும், மேட்டுத் தேயிலை தப்பும். இது தோட்டத்தில் எல்லோரும் அறிந்தது. நொதிக்கும் வாளியை எங்கே வைப்பது என்பதற்கும் இதே விதிதான்.

போத்தல் உறைந்துவிடுமோ என்றே பலர் அஞ்சுகிறார்கள். மலையகத்தில் அது அரிது. 5 வீத மதுசாரமுள்ள பியர் உறைய, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 2 பாகையையும் தாண்டி இறங்க வேண்டும். புல்லின் மேல் பனி உறையும் இரவிலும் சுவருக்குள் அவ்வளவு குளிர்வதில்லை. பெரிய ஆபத்து, என் பார்வையில், ஏற்ற இறக்கமே. 10 பாகைக்குக் கீழே பல ஏல் மதுவங்கள் சோர்ந்து அடியில் படியும். குமிழி நிற்கும், நொதித்தல் முடிந்ததென்று நம்பிப் போத்தலில் அடைப்போம். உள்ளே சீனி மிச்சமிருக்கும். வெயில் திரும்பியதும் மதுவம் விழிக்கும், காபனீரொட்சைட்டு பெருகும், போத்தல் வெடிக்கும். கண்ணைப் பறிக்கக்கூடிய விபத்து இது. அடர்த்திமானியால் இரண்டு மூன்று நாள் இடைவிட்டு அளந்து, அளவு மாறவில்லை என்று கண்ட பிறகே அடைக்க வேண்டும்.

சிலோன் புரூவரியின் வாரிசான லயன் நிறுவனம் 1990களின் இறுதியில் கொழும்பை அடுத்த பியகமவுக்கு இறங்கியது. அந்த வெக்கையிலும் குளிரூட்டும் பொறிகளால் நல்ல பியர் தயாரிக்க முடிகிறதென்றால், பியருக்குத் தேவை நிலையான வெப்பநிலை என்பது தெளிவு. மலை குளிரைத் தரும். அந்த நிலைத்தன்மையைத் தராது.

இலங்கையில் உரிமமின்றிப் பியர் தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கலாகாது. பிரித்தானியாவில் 1963 முதல் வீட்டுத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டியதில்லை. அங்கும் கனடாவிலும் குடியேறிய நம்மவர்களுக்கு உறைதல் நிஜமான சிக்கல். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 வீதம் விரிகிறது. வாயு எஞ்சிய திரவத்துக்கும் மூடிக்கும் இடையே நெருக்கப்படுகிறது. உருகிய பின் புரதங்கள் திரண்டு பியர் கலங்கும், நுரை மெலியும். ஆனாலும் குடிப்பதில் தீங்கில்லை.

உறைந்த போத்தலை அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள், உடனே திறக்காதீர்கள். தடித்த துணியால் சுற்றி, நிமிர்த்தி வைத்து, மெல்ல உருகவிடுங்கள். கண்ணாடியில் மெல்லிய கீறல் கண்டாலும் வடிகட்டிக் குடிக்க நினைக்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள்.