மருட்கைக் குறியும் நகையும்

மெய்ப்பாட்டின் நுட்பம், கண்ணாலும் செவியாலும் உறுதிபெற உணர வல்லார்க்கன்றிப் பிறர்க்கு விளங்காது என்பது தொல்காப்பியர் கருத்து. இதனை உளங்கொண்டு, இக்கால நகைச்சுவைக் காணொளிகளிற் பெருவழக்காகிய ஓர் உத்தியை ஈண்டு ஆராய்வாம். ஒருவர் முகம் திடீரென உறைந்து நிற்கும். நிறம் கருநீலமாக மாறும். கண்மணி மறைந்து விழி வெளிறும். நெற்றியில் நெடுங்கோடுகள் இறங்கும். கனத்த உலோகத்தை அறைந்தாற் போன்ற ஒலி எழும். இவை அனிமே எனப்படும் சப்பானிய அசைவூட்டப் படங்களினின்று வந்தவை.

அவ்வொலியை மங்கா என்னும் சப்பானியப் படக்கதை ஏடுகள் 'காஅன்' என எழுதிக் காட்டும். (உயிரை நீட்டற்கு அவர் இடுவது ஒரு கோடு, யாம் அளபெடையால் எழுதினோம்.) உலோக ஒலியைக் குறிக்கும் இச்சொல் உள்ளத்து அதிர்ச்சியையும் குறிக்கும். ஒலியைப் போன்மை செய்யும் சொற்களைக் 'கிஒங்கோ' எனவும், ஒலியில்லா நிலையை உணர்த்துவனவற்றைக் 'கிதாய்கோ' எனவும் அவர் பகுப்பர். உரிச்சொல் இசையினும் குறிப்பினும் தோன்றும் என்னும் நம் இலக்கணத்தொடு இஃது ஒப்பிடத்தக்கது. காணொளியிலோ, குறிப்பு மீண்டும் இசையாகின்றது.

இவ்வுத்தி வேரூன்றிய சூழலை நோக்குதல் வேண்டும். 1963 சனவரி 1-இல் ஒளிபரப்பத் தொடங்கிய ஒசாமு தெசூகாவின் 'தெத்சுவான் அத்தோமு' வாரந்தோறும் வரவேண்டிய தொடர். ஆகலின் குறைந்த ஓவியங்களைக் கொண்டே இயன்றது. இத்தகைய படங்களில் முகம் பெரிதும் அசையாது. அசையா முகத்தின் மெய்ப்பாட்டைக் கோடும் ஒலியும் நிறுத்தமும் ஏற்றுக்கொண்டன. கபுக்கி அரங்கிலும் நடிகர் 'மியே' என்னும் நிலையில் உறையுங்கால் மரக்கட்டைகளாற் பலகையை அறைவர். 1990-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'சிபி மருகோ சான்' தொடரில், மூன்றாம் வகுப்புச் சிறுமியின் சிற்றேமாற்றங்கட்கும் முகத்தில் நெடுங்கோடுகள் விழுகின்றன. மருட்கையின் குறி ஆங்கு நகையின் கருவியாயிற்று. இளமையும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன் என்னும் விதிக்கு இதனினும் இனிய சான்று வேண்டா.

காணொளித் தொகுப்பாளர் பலர் கொண்டது குறியை. கொள்ளாதது அக்குறி நின்ற இடத்தை. வெறுங்கிண்ணத்தை நோக்கும் பூனையின் முகத்தில் நாம் அறியத்தக்க மெய்ப்பாடு யாதும் இல்லை. 'காஅன்' ஒலியும் கோடுகளும் சேர்ந்த அளவில், உலகே இடிந்தாற் போன்ற துயரம் அதன்மேல் ஏறுகின்றது; நகைக்கின்றோம். வாய்பிளந்து அலறும் மனிதன் முகத்தின்மேல் அவ்வொலியையே ஏற்றினால் நகை பிறப்பதில்லை. என்னை? உடல் முன்னரே உரைத்துவிட்டது. ஒலி அதனை மீட்டும் உரைக்கின்றது. நூற்குற்றங்களுள் கூறியது கூறல் என்பது இதுவே.

மிகைதானே நகை எனின், அற்றன்று. மிகை, குறைவினோடு எதிர்நின்ற வழியே நகையாம். மிகையோடு மிகை அடுக்கின் அது வெற்றிரைச்சல். ஆயத்தமாகக் கிடைக்கும் ஒலிகளை ஒரு தொடுகையிற் சேர்க்கும் செயலிகள் இவ்வடுக்கலை எளிதாக்கிவிட்டன.

மங்காவில் மௌனத்திற்கும் ஒரு சொல் உண்டு; 'சீஇன்' என்பது அது. அதிர்ச்சிக்குப் பின் நிற்கும் அவ்வமைதியிலேதான் காண்போன் முகத்தை மறுபடி நோக்கி நகைக்கின்றான். யாம் கண்ட காணொளிகளுட் பெரும்பாலானவற்றில் அவ்வமைதி இல்லை. முதலொலி அடங்குமுன் அடுத்த ஒலி வந்துவிடுகின்றது.