துறை துறையாக லெமான்: ஏரிக்கரைச் சிற்றூர்களைப் படகில் ரசிப்பது எப்படி?

சுவிட்சர்லாந்தில் அண்ணன் வீடு, சித்தி வீடு என்று கோடை விடுமுறைக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். ஜெனீவாவிலோ லோசானிலோ தங்கி, பனிமலைக்கு ஒரு நாள், சாக்லெட் தொழிற்சாலைக்கு ஒரு நாள் என்று திட்டம் போடுவார்கள். ஏரிக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். சுற்றுலாப் படகில் ஏறி, ஒரு வட்டம் அடித்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு முழு நாளாக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வட்டமடிக்கும் படகு வேண்டாம். துறைக்குத் துறை நின்று போகும் பயணிகள் படகில் ஏறி, ஒரு சிற்றூரில் இறங்கி, அடுத்த படகு வரும்வரை அங்கே இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.

நாம் ஜெனீவா ஏரி என்று சொல்வதை அங்குள்ளவர்கள் லெமான் என்கிறார்கள். பிறை வடிவில் கிடக்கும் ஏரி அது. நீளம் 72 கிலோமீட்டர், பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 310 மீட்டர். கிழக்கே ரோன் ஆறு பனிமலைத் தண்ணீரோடு உள்ளே வந்து, மேற்கே ஜெனீவா நகரின் வழியாக வெளியேறுகிறது. வடகரை சுவிட்சர்லாந்து. தென்கரையில் பெரும்பகுதி பிரான்ஸ்.

ஊரின் முகம் எந்தப் பக்கம்?

இந்தக் கரைக்கு ரயில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். ஊர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. கோதுமை மூட்டையும், ஒயின் பீப்பாயும், வீடு கட்டும் கல்லும் தண்ணீர் வழியாகத்தான் வந்து இறங்கின. அதனால் சந்தைத் திடலும் நல்ல வீடுகளும் ஏரியைப் பார்த்தபடி அமைந்தன. ரயில் நிலையம் பின்னால், மேட்டில் வந்தது. நியோன், மோர்ஜ், வெவே என எந்த ஊரில் ரயிலைவிட்டு இறங்கினாலும் கொல்லைப்புறமாக நுழைந்து சரிவில் இறங்கித்தான் ஏரியைப் பார்க்க வேண்டும். படகில் போனால் தலைவாசல் வழியாக நுழைகிறீர்கள்.

இதை நம்புவதற்கு ஷியோன் கோட்டை ஒன்றே போதும். மோந்த்ரோவுக்கு அடுத்து, கரையை ஒட்டிய பாறைத் தீவின்மேல் நிற்கிறது அது. சாலைப் பக்கமிருந்து பார்த்தால் முழுக்கப் போர்க்கோட்டை: அரைவட்டக் கோபுரங்கள், அம்பு எய்யும் பிளவுகள், அகழியாகக் கிடக்கும் நீர். படகில் வந்து ஏரிப் பக்கமிருந்து பாருங்கள். அகலமான, வேலைப்பாடு மிகுந்த சன்னல்கள். கோட்டையை ஆண்ட சவோய் பிரபுக்கள் விருந்து வைத்த கூடங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பகைவன் நிலத்திலிருந்து வருவான் என்பதால் அங்கே சுவர். ஏரி பாதுகாப்பானது என்பதால் இங்கே வெளிச்சம். சவோயை எதிர்த்த ஜெனீவாக்காரர் பிரான்சுவா போனிவார் 1530 முதல் 1536 வரை இங்கே சிறையிருந்தார். 1816-ல் கவிஞர் ஷெல்லியோடு படகில் ஏரியைச் சுற்றிவந்த பைரன், அந்தக் கதையைக் கேட்டுத்தான் புகழ்பெற்ற ஒரு கவிதையை எழுதினார்.

எந்தப் படகு?

கால அட்டவணையில் நீராவிக் கப்பல் என்று குறித்திருக்கும் நேரத்தைத் தேடுங்கள். இந்த ஏரியில் படகுகளை இயக்கும், 1873-ல் தொடங்கிய சிஜிஎன் நிறுவனத்திடம் 1904-க்கும் 1927-க்கும் இடையில் கட்டிய எட்டுத் துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இருக்கின்றன. மோந்த்ரோ, லா சுவிஸ், சவ்வா, சேம்ப்ளோன், ரோன் ஆகிய ஐந்து இன்றும் நீராவிக் கப்பல்கள். 2011-ல் வடகரையிலுள்ள வோ மாநில அரசு இந்தக் கப்பல்களை வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது. கண்ணாடிக் கூண்டில் வைக்காமல் அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் பெருமை.

1910-ல் நீருக்கு வந்த லா சுவிஸ் கப்பலில் இடம் கிடைத்தால் மேல்தளத்துக்கு ஓடாதீர்கள். முதலில் கீழ்த்தளத்தின் நடுவே போங்கள். அங்கே தரை திறந்திருக்கும். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் முழு என்ஜினும் தெரியும். விண்டர்த்தூர் நகரத்து சுல்சர் ஆலை செய்தது. சாய்வாகக் கிடக்கும் இரண்டு உருளைகளில் ஒன்று சிறியது, ஒன்று பெரியது. நீராவி முழு அழுத்தத்தோடு முதலில் சிறியதில் நுழைகிறது. அங்கே தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் வலுவோடு பெரியதற்குள் போய் மறுபடி தள்ளுகிறது. அழுத்தம் குறைந்துவிட்டதால்தான் இரண்டாவது உருளை அத்தனை பெரிது. பளபளக்கும் இரும்புத் தண்டுகள், இரண்டு பெண்கள் ஓர் உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல், ஒன்று விட்ட நொடியில் மற்றொன்று விழும். எண்ணெய் வாசனையும் வெக்கையும் முகத்தில் அடிக்கும். ஆனால் சத்தம் மிகக் குறைவு. டீசல் என்ஜினின் உறுமலுக்குப் பழகிய காதுக்கு இது நம்ப முடியாத அமைதி. பக்கவாட்டுச் சன்னலில் துடுப்புச் சக்கரம் தண்ணீரை வெண்ணுரையாக அடித்துத் தள்ளுவதையும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கரையணையும் இரண்டு நிமிடம்

சிற்றூர்த் துறைகளில் கப்பல் நிற்பது இரண்டு, மூன்று நிமிடம்தான். இந்தப் பயணத்தின் சிறந்த காட்சி அதுவே. துறை நெருங்கும்போது படகின் முன்பக்கம் நில்லுங்கள். முதலில் தேவாலயக் கோபுரம் தெரியும். பிறகு கூரைகள். பிறகு கரையோரம் வரிசையாக, கிளை வெட்டி நிழல் பரப்பிய பிளேன் மரங்கள். மேலிருந்து கேப்டனின் கட்டளை போனதும் சக்கரம் நிற்கும். அடுத்த நொடி பின்னோக்கிச் சுழலும். எழுபத்தெட்டு மீட்டர் நீளக் கப்பல் மரத்தூண்களை உரசியும் உரசாமலும் வந்து நிற்கும். கப்பல் ஊழியர் வடத்தின் கண்ணியை இரும்புத் தறியில் மாட்டுவார். நடைபலகை இறங்கும். சைக்கிளோடு ஒருவர், காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டி, நீச்சலுடையில் நான்கு பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். பலகையை இழுத்ததும் கப்பல் நகர்ந்துவிடும். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு துறையிலாவது இதை முழுதாகப் பாருங்கள்.

எங்கே உட்காருவது?

லோசானின் ஊஷி துறையிலிருந்து கிழக்கே போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். லுத்ரியிலிருந்து வெவே நெருங்கும்வரை லாவோ திராட்சைச் சரிவுகள் விரியும். சுமார் 800 ஹெக்டேர் பரப்பில், ஏரியிலிருந்து படிப்படியாக மேலேறும் கற்சுவர்களுக்கு நடுவே கொடிகள். சிஸ்டர்சியன் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த உழைப்பு இது. 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன்கள் என்று அங்கே சொல்வார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் தெறிக்கும் சூரியன், பகலெல்லாம் சூடேறி இரவில் வெப்பம் விடும் கற்சுவர். சரிவின் உள்ளே நடந்தால் ஒரு சுவர், அடுத்த சுவர் என்றுதான் கண்ணுக்குப் படும். மூன்று சூரியனும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் புரியும். பிற்பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாகத் தெரியும்.

நீரையும் காற்றையும் படியுங்கள்

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நாம் திசைக்கொரு காற்று வைத்திருக்கிறோம். லெமானில் மலைப் பள்ளத்தாக்குக்கு ஒரு காற்று. வடகிழக்கிலிருந்து வருவது பீஸ். குளிர்ந்து வறண்டது, வானத்தைத் துடைத்துவைக்கும். ரோன் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் வெப்பக்காற்று வோடேர். வெவே, மோந்த்ரோ பக்கம் அலையெழுப்பும். ஜூரா மலையிலிருந்து கோடை மாலைகளில் திடீரென்று பாய்வது ஜொரான். கரையோரம் சுழலும் ஆரஞ்சு விளக்குகளைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று முன்னெச்சரிக்கை. 90 முறை மின்னினால் புயல் நெருங்கிவிட்டது. சிறு படகுகள் அவசரமாகத் துறை திரும்புவதைப் பார்க்கலாம்.

இந்த ஏரியைப் படிக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் மோர்ஜில் 1841-ல் பிறந்த பிரான்சுவா அல்போன்ஸ் ஃபொரெல். ஏரியியல் என்ற துறையைத் தொடங்கியவர். லெமானைப் பற்றி மூன்று பெரும் தொகுதிகள் எழுதினார். நீரின் நிறத்தை அளக்க அவர் உருவாக்கிய வண்ண அளவுகோல், பின்னால் விரிவாக்கப்பட்டு இன்றும் பயன்படுகிறது. மேல்தளத்தில் நின்று நீங்களும் நிறத்தைப் பாருங்கள். நடு ஏரியில் அடர்நீலம். கிழக்கு முனையில், ரோன் கலக்குமிடத்தில், சாம்பல் கலந்த பச்சை. அந்த ஆற்றுநீர் குளிர்ந்து வண்டல் சுமந்து வருவதால் கனமானது. கொஞ்ச தூரம் வந்ததும் ஏரிநீருக்கு அடியில் மூழ்கிவிடும். இரண்டு நிறங்களுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும்.

எங்கே இறங்குவது?

எல்லாத் துறையிலும் இறங்க ஆசைப்படாதீர்கள். ஒரு நாளுக்கு இரண்டு ஊர் போதும். லாவோ சரிவின் அடியிலுள்ள கியூலி சிறியது. துறையிலிருந்து திடல், திடலிலிருந்து ஒயின் நிலவறைகள் உள்ள சந்து, சந்து முடிந்ததும் திராட்சைச் சரிவு. வெவேயில் கரையோரம் சார்லி சாப்ளின் சிலை இருக்கிறது. 1953 முதல் இறுதிவரை ஊருக்கு மேலேயுள்ள கோர்சியேவில் வாழ்ந்தவர் அவர். நியோன் ரோமானியர்கள் அமைத்த குடியேற்றம். மூன்று பழந்தூண்கள் ஏரியைப் பார்த்து நிற்கின்றன. அங்கிருந்து இருபது நிமிடத்தில் எதிர்க்கரை ஈவ்வார், கல்வீடுகளோடு நிற்கும் மதில் சூழ்ந்த பிரெஞ்சு ஊர். சான் ஜாங்கோல்ஃபில் ஒரே ஊரை ஒரு சிற்றாறு இரண்டு நாடாகப் பிரிக்கிறது. ஆனால் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் பிரெஞ்சுப் பக்கத்தில் இருக்க, இரு பக்கத்தாருக்கும் அவையே பொது. கிழக்குக் கோடியில் வில்நெவ். வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், 1931 டிசம்பரில், காந்தி சில நாள் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தின் விருந்தினராகத் தங்கிய ஊர். அவர் கேட்டுக்கொள்ள, ரோலந்து பியானோவில் பீத்தோவன் வாசித்துக் காட்டினார்.

மீன் சாப்பிடுகிறவர்கள் துறையோர உணவகத்தில் பெர்ச் வறுவல் கேளுங்கள். ஏரியில் கிடைப்பது தேவைக்குப் போதாமல் வெளிநாட்டிலிருந்தும் பெர்ச் வருகிறது. மீன் எந்த நாட்டுடையது என்று உணவுப் பட்டியலில் குறிப்பிட்டிருக்கும். லெமான் என்று எழுதியிருந்தால் தயங்காதீர்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறதா?

காலையில் லோசானிலிருந்து ரயிலில் வெய்த்தோ ஷியோன் நிலையத்துக்குப் போங்கள். அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். கோட்டையை நிலப்பக்கமிருந்து பார்த்து, உள்ளே சுற்றிவிட்டு, துறைக்கு வந்து மேற்கே போகும் படகில் ஏறுங்கள். இப்போது வலது பக்கம் உட்கார வேண்டும். கோட்டையின் மறுமுகம் அங்கே தெரியும். வெவேயிலோ கியூலியிலோ இறங்கி ஒரு படகு இடைவெளி இருங்கள். பிற்பகலில் மறுபடி ஏறினால் லாவோவைத் தாண்டி மாலையில் ஊஷி. சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் இந்தப் படகுகளுக்குத் தனிச் சீட்டு வேண்டாம். எல்லாப் படகும் எல்லாத் துறையிலும் நிற்காது. இறங்குமுன் அடுத்த படகு, கடைசிப் படகு இரண்டின் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டாலும் வடகரை முழுக்க ரயில் இருக்கிறது. பிரெஞ்சுக் கரைக்குப் போவதாக இருந்தால் பாஸ்போர்ட்டும் யூரோவும் கையில் இருக்கட்டும்.

வேலைநாளில் மாலை ஊஷி வந்து சேர்ந்தால், எவியான் போகும் படகுக்கு நிற்கும் வரிசையைக் கவனியுங்கள். லோசானில் வேலை முடித்து, ஏரியைக் கடந்து பிரான்சிலுள்ள வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். லெமான் அவர்களுக்கு அன்றாடப் பாதை. கரையில் நின்று படமெடுத்தால் அது எல்லா ஏரியையும்போல் அழகான ஏரி. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழியாக அதைப் பயன்படுத்துங்கள். இத்தனை ஊர்கள் அங்கே ஏன் தோன்றின, ஏன் இப்படி அமைந்தன என்பதை அந்தப் பயணமே உங்களுக்குச் சொல்லிவிடும்.